காட்டின் விதைநெல்

நுழையும்முன்

காட்டுத்தீ அணைந்த இடத்தைக் காண்போர், கருகி நிற்கும் மரங்களை எண்ணி இழப்பைக் கணக்கிடுவர். கண்ணுக்குப் புலப்படாத இழப்பொன்றும் கண்ணுக்குப் புலப்படாத சேமிப்பொன்றும் மண்ணுக்குள் இருக்கின்றன. மரங்களின் வேர்களோடு கூடி வாழும் பூஞ்சைகளுக்குத் தீயினால் நேர்வது என்ன? எரிந்த காடு மீண்டும் எழுவதற்கும் அப்பூஞ்சைகளுக்கும் உள்ள தொடர்பு யாது? கலிபோர்னியாவின் பைன் காடுகளில் நிகழ்ந்த ஆய்வுகள் இவ்வினாக்களுக்கு விடை தருகின்றன.

எரிந்த மலையில் எழுந்த நாற்றுகள்

1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, பசிபிக் பெருங்கடலை ஒட்டிய பாயிண்ட் ரேய்ஸ் என்னும் காட்டுப்பகுதியில் சரிவர அணைக்கப்படாத முகாம் நெருப்பொன்று காற்றின் துணையால் கிளர்ந்தெழுந்தது. அது அடங்குவதற்குள் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் நிலம் எரிந்துபோனது. நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. விஷன் மலையில் தோன்றியதால் 'விஷன் தீ' என்று அது பெயர்பெற்றது. மலைமுகட்டில் செறிந்து வளர்ந்திருந்த பிஷப் பைன் மரங்கள் நின்ற நிலையிலேயே கருகி மடிந்தன.

மழைக்காலம் வந்தது. சாம்பல் படிந்த அந்நிலத்தில், புல் முளைப்பதுபோல் பைன் நாற்றுகள் நெருக்கமாக முளைத்தெழுந்தன. விதைகள் எங்கிருந்து வந்தன என்பது பெரும்புதிர் அன்று. பிஷப் பைனின் கூம்புகள் பிசினால் இறுக மூடப்பட்டவை. அவை பல ஆண்டுகள் கிளைகளிலேயே மூடிய நிலையில் தங்கியிருக்கும். தீயின் வெப்பம் பட்டதும் பிசின் உருகிக் கூம்புகள் விரியும். விதைகள் சாம்பல் மண்ணில் உதிரும். தாய்மரம் மடியும் வேளையில் அதன் விதைகள் விடுதலை பெறுகின்றன.

எனினும் விதை முளைத்துவிட்டால் மட்டும் பைன் மரம் உருவாகிவிடாது. மண்ணிலுள்ள குறிப்பிட்ட சில பூஞ்சைகள் அதன் வேரைத் தழுவிக்கொண்டால்தான் அந்நாற்று செழித்து வளரும். மலை முழுவதும் எரிந்தபின் அப்பூஞ்சைகள் எங்கிருந்து வரும்? அறிவியலார் விடை தேடிய வினா இதுவே.

அகமும் புறமும்

மழை பெய்த மறுநாள் மண்ணைப் பிளந்து எழும் காளானையே பூஞ்சையின் முழு உருவமாகக் கருதுவது பொதுவழக்கு. காளான் என்பது பூஞ்சையின் கனியுடல் மட்டுமே. அதன் மெய்யான உடல், நூலினும் மெல்லிய இழைகளின் பின்னலாக மண்ணுக்குள் பரந்துகிடக்கிறது. இத்தகைய பூஞ்சைகளுள் சில, உதிர்ந்த இலைகளையும் விழுந்த மரங்களையும் மட்கச் செய்து வாழ்கின்றன. சில, நோயை உண்டாக்குகின்றன. வேறு சில, உயிருள்ள வேர்களோடு உறவுகொண்டு வாழ்கின்றன.

ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க், மண்ணுக்குள் விளையும் உணவுக்காளான் ஒன்றை வளர்க்க இயலுமா என்று ஆராய்ந்தபோது இவ்வுறவைக் கண்டறிந்தார். வேரும் பூஞ்சையும் ஒன்றியமைந்த அவ்வுறுப்புக்கு 1885ஆம் ஆண்டில் அவர் 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். பூஞ்சை, வேர் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. தமிழில் அது 'பூஞ்சைவேரி' எனப்படுகிறது.

பண்டைத் தமிழர் வாழ்வை அகம், புறம் எனப் பகுத்தனர். அறிவியலார் இவ்வுறவையும் அவ்வாறே பகுக்கின்றனர். பூஞ்சையிழை வேரின் செல்லுக்குள் புகுந்து கிளைத்தால் அது அகப்பூஞ்சைவேரி. தேக்கு, மா, வேம்பு முதலிய மரங்களிலும் பெரும்பாலான பயிர்களிலும் காணப்படுவது இவ்வகையே. தமிழக உழவர்கள் 'வேர் உட்பூசணம்' என்னும் பெயரில் நாற்றங்காலில் இடும் உயிர் உரமும் இதுவே. பூஞ்சையிழை வேர்நுனியை உறைபோலப் போர்த்தி, செல்களுக்கு இடையே மட்டும் நுழைந்து, செல்லுக்குள் புகாமல் நின்றால் அது புறப்பூஞ்சைவேரி. பைன், ஓக் போன்ற மரங்கள் இவ்வகையைச் சார்ந்தவை. கலிபோர்னியாவின் பைன் காடுகளில் தீ தீண்டியது இப்புறப்பூஞ்சைகளையே.

கொடுக்கல் வாங்கல்

வேரின் தூவிகள் நுழைய இயலாத நுண்துளைகளிலும் பூஞ்சையிழை நுழையும். அங்குள்ள நீரையும் நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய சத்துகளையும் உறிஞ்சி மரத்துக்கு அளிக்கும். ஒளியின் துணையால் இலைகள் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கை மரம் பூஞ்சைக்கு அளிக்கும். பூஞ்சையால் ஒளியைக் கொண்டு உணவு ஆக்க இயலாது. மரத்தால் மண்ணின் நுண்துளைகளைத் துழாவ இயலாது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது.

இவ்வுறவு பைன் மரத்துக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குப் போர்ட்டோரிக்கோ தீவின் பட்டறிவு சான்றாகும். பைன் மரம் இயற்கையாக வளராத அத்தீவில், இருபதாம் நூற்றாண்டில் அயல்நாட்டு விதைகளைக் கொண்டு பைன் வளர்க்க முயன்றனர். நாற்றுகள் முளைத்தும் வளராமல் வெளிறித் தேய்ந்தன. வட அமெரிக்கப் பைன் காட்டிலிருந்து கொண்டுவந்த மண்ணைக் கலந்த பின்னரே அவை செழித்தன. நாற்றுகளுக்கு இல்லாமற்போனது உரமன்று, உறவே.

தீ எட்டும் ஆழம்

காட்டுத்தீ பற்றியெரியும்போது தரைக்கு மேலே வெப்பம் பலநூறு பாகை செல்சியசை எட்டும். ஆயினும் மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேற்பரப்பு கொதிக்கும்போதும் சில சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பம் பெரிதும் தணிந்திருக்கும். விழுந்த பெருமரம் ஒன்று நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும் இடத்திலோ வெப்பம் ஆழமாக இறங்கும். ஆகவே ஒரே தீயில் ஓரிடத்து மண் முற்றிலும் வெந்துபோக, பத்தடி தள்ளி உள்ள மண் பெரும்பாலும் தப்பிவிடுவதும் உண்டு.

வேர்ப்பூஞ்சைகள் வாழும் இடத்தை நோக்கினால் தீயின் கொடுமை புலனாகும். மரங்களின் நுண்வேர்கள் மிகுதியாகப் பரவியிருப்பது மட்கிய இலைப்படுகையிலும் அதனை அடுத்த மேல்மண்ணிலுமே. பூஞ்சைகளும் அங்கேயே செறிந்துள்ளன. இலைப்படுகை எரிந்தால் அதிலுள்ள பூஞ்சையிழைகளும் எரிகின்றன. உயிர்ப்புடன் இயங்கும் மென்மையான இழைகள் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் குறைந்தவை.

தீயின் இரண்டாவது அடி தாமதமாக விழுகிறது. ஆழத்தில் இருந்ததால் வெப்பத்துக்குத் தப்பிய பூஞ்சை, மேலே தன் மரம் மடிந்ததும் உணவை இழக்கிறது. இலை இல்லையேல் சர்க்கரை இல்லை. சர்க்கரை இல்லையேல் வேர்ப்பூஞ்சை நெடுநாள் வாழாது. தீயால் சாகாதது பசியால் சாகிறது. மரங்கள் பிழைத்துக்கொள்ளும் மெல்லிய தரைத்தீயில் இவ்விழப்பு சிறிது; மரங்கள் அனைத்தையும் கொல்லும் பெருந்தீயில் இது மிகப் பெரிது.

மூன்றாவதாக, மண்ணின் இயல்பே மாறுகிறது. சாம்பல், மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. எரிந்த பொருள்களிலிருந்து எழும் மெழுகுபோன்ற ஆவி, மண்துகள்களின்மேல் படிந்து நீரை உள்ளே விடாத படலமாகிவிடுவதும் உண்டு. அதனால் மழைநீர் மண்ணில் ஊறாமல் வழிந்தோடி, மேல்மண்ணை அரித்துச் செல்லும்.

நுண்வித்து வங்கி

இவ்வளவு இழப்புக்குப் பின்னரும் பாயிண்ட் ரேய்ஸ் மலையில் முளைத்த நாற்றுகளின் வேர்களைப் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிரன்ஸும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோது, முளைத்த சில மாதங்களுக்குள்ளேயே அவற்றில் புறப்பூஞ்சைகள் குடியேறியிருப்பதைக் கண்டனர். அப்பகுதியின் முதிர்ந்த பைன் காட்டில் எவ்வெப்பூஞ்சைகள் வேர்களில் வாழ்கின்றன என்பதை அவர்கள் முன்னரே ஆராய்ந்திருந்தனர். இரண்டையும் ஒப்பிட்டபோது வியத்தகு வேறுபாடு ஒன்று தெரிந்தது. முதிர்ந்த காட்டில் மேலோங்கியிருந்த ருசுலா போன்ற பூஞ்சைகள் நாற்றுகளில் அரிதாயின. முதிர்ந்த காட்டில் முதன்மை பெறாத ரைசோபோகன் என்னும் இனம் நாற்றுகளின் வேர்களில் மேலோங்கி நின்றது.

ரைசோபோகனின் வாழ்க்கைமுறை இப்புதிரை அவிழ்க்கிறது. இதன் கனியுடல், குடைபோல் விரிந்த காளான் அன்று; சிறு கிழங்குபோல் மண்ணுக்குள்ளேயே விளைவது. முற்றியதும் அதிலிருந்து எழும் மணத்தைப் பின்பற்றி அணில் முதலிய கொறிவிலங்குகளும் மான்களும் அதனைத் தோண்டி உண்கின்றன. பூஞ்சையின் இனப்பெருக்கத்துக்குரிய 'ஸ்போர்' என்னும் நுண்வித்துகள் செரிக்கப்படாமல் எச்சத்தோடு வெளியேறிக் காடெங்கும் விழுகின்றன. மழைநீரோடு மண்ணுக்குள் இறங்கிய அவை, தமக்குரிய இளவேர் அருகில் வரும்வரை உறங்குகின்றன. பூஞ்சையிழை மடியும் வெப்பத்திலும் தடித்த சுவர்கொண்ட நுண்வித்து பிழைத்திருக்கக்கூடும்.

வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து யாரும் அறியாமல் பெண்கள் சேர்க்கும் சிறுவாடுபோல, காடு செழித்திருக்கும் காலத்தில் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நுண்வித்துகள் மண்ணில் சேர்கின்றன. அறிவியலார் இதனை 'நுண்வித்து வங்கி' என்பர். பிஷப் பைன் தன் விதைகளைக் கிளையில் சேமித்தது. பூஞ்சை தன் நுண்வித்துகளை மண்ணில் சேமித்தது. தீ வந்த நாளில் இரண்டு களஞ்சியங்களும் ஒருசேரத் திறந்தன.

இந்நுண்வித்துகள் எத்தனை ஆண்டுகள் உறங்கும்? இதனை அறிய, பிரன்ஸ் குழுவினர் ரைசோபோகன் நுண்வித்துகளை மண்ணோடு கலந்து பாயிண்ட் ரேய்ஸில் புதைத்து, 99 ஆண்டுகள் நீடிக்கும் ஆய்வொன்றைத் தொடங்கினர். முதல் நான்கு ஆண்டுகளின் முடிவு 2009ஆம் ஆண்டில் வெளியானது. நாள் செல்லச் செல்ல நுண்வித்துகள் வலுவிழக்கும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறானது. ஆண்டுகள் ஏற ஏற, வேரோடு உறவுகொள்ளும் ஆற்றல் அவற்றுக்குக் கூடியிருந்தது. இவ்வாய்வின் இறுதி முடிவை, அதனைத் தொடங்கியவர்கள் காணப்போவதில்லை. பிந்தைய தலைமுறைக்கென நட்டுவைக்கப்பட்ட வினா அது.

தீக்கு முன்னும் பின்னும்

காட்டுத்தீ எங்கே மூளும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. ஆகவே ஓரிடத்து மண்ணைத் தீக்கு முன்னும் பின்னும் ஆராய்தல் அரிது. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 அன்று கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் மூண்ட 'ரிம் தீ', ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை எரித்தது. எரிந்த நிலத்தில் ஆய்வாளர் சிட்னி கிளாஸ்மனும் பிரன்ஸ் முதலியோரும் நெடுங்காலமாக ஆராய்ந்துவந்த நிலத்துண்டுகளும் அடங்கியிருந்தன. தீக்கு முன் அங்கே எடுத்த மண் அவர்களிடம் ஆராயப்பட்டிருந்தது. ஆய்வுநிலம் எரிந்தது பேரிழப்பே. எனினும் அதுவே அரிய வாய்ப்பாகவும் அமைந்தது.

ஆய்வுமுறை எளிமையானது. தீக்கு முந்தைய மண்ணிலும் பிந்தைய மண்ணிலும் பைன் விதைகளை முளைக்கச் செய்து, நாற்றுகளின் வேர்களில் எப்பூஞ்சைகள் குடியேறுகின்றன என்று கண்டறிந்தனர். எரிந்த காட்டில் தாமாக முளைத்த நாற்றுகளின் வேர்களையும் ஆராய்ந்தனர். 2016இல் வெளியான முடிவு மூன்று உண்மைகளைக் கூறியது. முதலாவது, நுண்வித்து வங்கியில் இருந்த பூஞ்சைகள் பெரும்பாலும் தீயைத் தாங்கிப் பிழைத்தன. புதிய நாற்றுகளின் வேர்களை அவையே ஆட்கொண்டன. இரண்டாவது, ரைசோபோகன் ஒலிவேசியோடிங்டஸ் என்னும் இனம், தீக்குப் பின்னர் முன்னிலும் பெருகியது. மூன்றாவது, வங்கி இழப்பின்றித் தப்பவில்லை. அரிய இனங்கள் சில அழிந்தன; பூஞ்சை எதுவும் குடியேறாத நாற்றுகளைத் தந்த மண் மாதிரிகள் தீக்குப் பின் மிகுந்தன.

மூன்றாவது உண்மை முதலிரண்டைவிடக் கருதத்தக்கது. வங்கி திவாலாகவில்லை, ஆனால் அதன் இருப்பு குறைந்துவிட்டது.

கரியில் பூப்பவை

எரிந்த மண்ணை நாடி வரும் பூஞ்சைகளும் உள்ளன. தீ அணைந்த சில வாரங்களுக்குள் மண்ணின்மேல் செம்மஞ்சள் படலமாகப் படரும் பைரோனீமா அவற்றுள் ஒன்று. பிற உயிர்கள் எளிதில் உணவாக்க இயலாத கரிந்த பொருள்களையும் அது சிதைத்து உண்கிறது. அடுத்த இளவேனிலில் மோரல் என்னும் உணவுக்காளான்கள் எரிந்த ஊசியிலைக் காடுகளில் திரளாக எழுகின்றன. இவற்றின் இழைகள் சாம்பலையும் மண்துகளையும் பிணைப்பதால், மழை மேல்மண்ணை அரித்துச் செல்வது ஓரளவு தடுக்கப்படுகிறது. நாற்று எழும்வரை மண்ணைக் காக்கும் தற்காலிகக் காவலர்கள் இவை. மரங்கள் வளர்ந்து நிழல் சூழ்ந்து இலைப்படுகை மீண்டும் சேரும்போது, முதிர்ந்த காட்டுக்குரிய பூஞ்சைகள் படிப்படியாகத் திரும்பும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இருப்பு தீரும் நிலை

பைன் காடுகளுக்குத் தீ புதிதன்று. சியரா நெவாடாவின் தாழ்மலைக் காடுகளில், முன்னாளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறு தரைத்தீ பரவுவதுண்டு. மின்னலால் மூண்டவை சில. காட்டைப் பேணுவதற்காக அம்மண்ணின் தொல்குடிகள் அளவறிந்து மூட்டியவை சில. சருகும் புதரும் எரிந்தன; தடித்த பட்டையுடைய பெருமரங்கள் பிழைத்தன; அவற்றோடு வேர்ப்பூஞ்சைகளும் பிழைத்தன. இருபதாம் நூற்றாண்டில் எல்லாத் தீயையும் உடனே அணைப்பது அரசின் கொள்கையாயிற்று. தொல்குடிகளின் தீமூட்டும் வழக்கமும் தடுக்கப்பட்டது. எரியாமல் எஞ்சிய சருகும் விறகும் ஆண்டாண்டாகக் குவிந்தன. வறட்சியும் வெப்பமும் மிகுந்த இக்காலத்தில் அக்குவியலில் தீப்பற்றும்போது, அது மரங்களைக் கூண்டோடு அழிக்கும் பெருந்தீயாகிவிடுகிறது.

பெருந்தீ எரித்த பரப்பு மிக விரிந்ததாக இருப்பின், உயிருள்ள மரமும் அதன் பூஞ்சையும் எஞ்சிய இடம் தொலைவாகிவிடுகிறது. வெளியிலிருந்து வரவு குறைகிறது. நாற்றுகள் வளர்ந்து, அவற்றின் பூஞ்சைகள் கனியுடல் தருவதற்கு முன்பே மறுதீ மூண்டால், சேமிப்பு எடுக்கப்படுகிறதே அன்றிப் போடப்படுவதில்லை. எரிந்த மரங்களை வெட்டியெடுக்கக் கனரக எந்திரங்களை ஓட்டினால் மேல்மண் இறுகுகிறது. அல்லது புரட்டி ஒதுக்கப்படுகிறது. நுண்வித்துகள் உறங்குவது அம்மேல்மண்ணிலேயே. தீ விட்டுவைத்ததை எந்திரம் அழித்துவிடும்.

விதைநெல் காப்போம்

கொடிய பஞ்சத்திலும் விதைநெல்லில் கைவைக்காமல் குதிரில் காத்த உழவர்களின் கதைகளை ஊர்தோறும் கேட்கலாம். அந்த ஆண்டின் பசியினும் அடுத்த ஆண்டின் விதைப்பு பெரிது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எரிந்த காட்டின் மேல்மண்ணும் அத்தகைய குதிரே. கருகிய மரங்களைக் கண்டு, இனி இழப்பதற்கு இங்கு ஒன்றுமில்லை என்று எண்ணுவது பெரும்பிழையாகும். இழக்கக்கூடாதது ஒன்று சாம்பலுக்கு அடியில் எஞ்சியிருக்கிறது.

ஆகவே, அளவறிந்து மூட்டும் சிறுதீயால் பெருந்தீயைத் தவிர்த்தல், எரிந்த நிலத்தின் மேல்மண்ணை அரிப்பிலிருந்து காத்தல், எந்திரங்களை விரைந்து இறக்காதிருத்தல், நாற்று நடுமுன் மண்ணில் பூஞ்சை உண்டா என ஆராய்தல் ஆகியன காட்டை மீட்கும் பணியில் முதலிடம் பெறவேண்டும். மரம் நடுவோர் பலர்; மண்ணுக்குள் மரத்துக்காகக் காத்திருக்கும் துணையை மறவாமல் நடுவோரே காட்டை வளர்ப்போர் ஆவர்.

தெரிந்து தெளிவோம்

பூஞ்சை, தாவர இனத்தைச் சேர்ந்தது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அதற்குப் பச்சையம் இல்லை. உணவைத் தானே ஆக்குவதில்லை. அதன் செல்சுவரில் உள்ள கைட்டின் என்னும் பொருளே நண்டு, பூச்சி ஆகியவற்றின் மேலோட்டிலும் உள்ளது. ஆதலால் இன்று பூஞ்சைகள் தாவரமும் அல்லாத, விலங்கும் அல்லாத தனி உலகமாக வகைப்படுத்தப்படுகின்றன.

கற்பவை கற்றபின்

1. 'தீயால் சாகாதது பசியால் சாகிறது' – வேர்ப்பூஞ்சையின் நிலையைக் கொண்டு இத்தொடரை விளக்குக.

2. பிஷப் பைனின் கூம்பும் ரைசோபோகனின் நுண்வித்தும் தீக்குப் பின் ஒன்றுக்கொன்று துணையாவதை ஒப்பிட்டு எழுதுக.

3. உங்கள் பகுதியில் விதைகளைச் சேமித்துக் காக்கும் மரபுமுறைகளை முதியோரிடம் கேட்டறிந்து, வகுப்பறையில் கலந்துரையாடுக.